கேளுங்கள், சொல்கிறேன்: கயிற்றில் தொங்கும் பெயர்

கே: நடுக்கடலில் போகும் சின்னப் பாய்மரப் படகின் படம் ஒன்று பார்த்தேன். ஒரு கயிற்றில் நாலு கலர் கொடிகள். அலங்காரமா, படகின் பெயரா? (வாசகர், காரைக்குடி)

ப: முன்னிருந்து பின்வரை தோரணம் கட்டியிருந்தால் அலங்காரம். மேலிருந்து கீழாக நாலு மட்டும் தொங்கினால் பெரும்பாலும் அது கால் சைன், அதாவது ரேடியோவில் படகைக் கூப்பிட லைசென்ஸோடு கொடுக்கும் எழுத்துகள். ஆங்கில எழுத்துக்கு ஒன்றாக 26 கொடிகள், எண்களுக்குப் பத்து. மேலே பறப்பதுதான் முதல் எழுத்து. ஒரு செட்டில் எழுத்துக்கு ஒரே கொடிதான் இருக்கும். அதே எழுத்து மறுபடி வந்தால் என்ன செய்வது? அதற்கென்றே மூன்று முக்கோணக் கொடிகள் உண்டு. 'மேலே முதலாவதாக இருப்பதே இங்கேயும்' என்கிறது ஒன்று. மற்ற இரண்டும் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும்.

சரி, தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா? நான் ஒரு கப்பலில் செகண்ட் மேட்டாக (அதிகாரியாக) இருந்தபோது அரபிக்கடலில் ஒரு படகு இப்படிக் கொடியேற்றி வந்தது. எங்களுக்கு நேரெதிராகக் காற்று. கொடிகள் விளிம்பைக் காட்டி, காயப்போட்ட கோவணம் மாதிரி கோடாகத்தான் தெரிந்தன. படகு பக்கவாட்டுக்கு வரும்வரை பைனாகுலரோடு நின்றேன். கடைசிக் கொடி கம்பப் பக்கம் வெள்ளை, வெளிப்பக்கம் நீலம், நுனி பிளந்திருந்தது. 'ஏ' என்று எழுதினேன். வி.எச்.எஃப் ரேடியோவில் அந்த எழுத்துகளைச் சொல்லிக் கூப்பிட்டால் பதிலே இல்லை. சும்மா 'பாய்மரப் படகே' என்று கூப்பிட்டதும் படகுக்காரர் சிரித்துக்கொண்டே பேசினார். அது 'கே' கொடியாம்! பாதி மஞ்சள், பாதி நீலம். மஞ்சள் வெயிலில் வெளுத்துவிட்டது, நுனி காற்றில் கிழிந்துவிட்டது. கொடிகளுக்கு சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று ஐந்தே நிறம். அதில் ஒன்று போனால் எழுத்தே மாறிவிடும்.

கே: இப்போதும் கொடியை நம்பித்தான் அடையாளம் காண்கிறார்களா?

ப: இல்லை. படகு யாரென்று ரேடியோவில் தானாகவே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ் கருவி இருந்தால் படகின் பெயரும் ஒன்பது இலக்க எண்ணும் எங்கள் திரையிலேயே வந்துவிடும். இந்தியப் படகு என்றால் எண் 419-இல் தொடங்கும். கண்ணால் பார்ப்பதென்றால் பந்தயப் படகுகளின் பாயில் போட்டிருக்கும் பெரிய எண்ணே போதும்.

கே: இதெல்லாம் இல்லாத காலத்தில் தனியாகப் போனவர்கள் தாங்கள் உயிரோடு இருப்பதைக் கரைக்கு எப்படிச் சொன்னார்கள்?

ப: 1968-69 கோல்டன் குளோப் பந்தயத்தைச் சொல்கிறேன். எங்கும் நிற்காமல் தனியாளாக உலகைச் சுற்ற வேண்டும். கப்பல்களுக்கான அப்போதைய கொடிக் குறியீட்டு நூலில் எம்-ஐ-கே என்று மூன்று கொடி ஏற்றினால், 'என்னைப் பார்த்ததாக லண்டன் லாயிட்ஸுக்குச் சொல்லுங்கள்' என்று அர்த்தம் (லாயிட்ஸ் என்பது கப்பல் காப்பீட்டுக்குப் பேர்போன இடம்). நீலத்தில் வெள்ளைப் பெருக்கல் குறி, மஞ்சளில் கறுப்பு வட்டம், அப்புறம் நம் 'கே'.

முடித்தவர் ஒரே ஒருவர், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய 32 அடி சுஹைலி நம் பம்பாயில் தேக்கில் கட்டியது. நடுவழியில் ரேடியோ கெட்டுவிட்டது. நியூசிலாந்தைத் தாண்டிய பிறகு மாதக்கணக்கில் தகவலே இல்லை. 1969 ஏப்ரலில் அட்லாண்டிக் கடலில் அசோர்ஸ் தீவுகள் பக்கம் ஓர் எண்ணெய்க் கப்பலைப் பார்த்தார். கைகொடுத்தது கொடியல்ல, விளக்கு. மின்னி மின்னிப் பெயரைச் சொன்னார்.

பிரெஞ்சுக்காரர் பெர்னார்ட் மொய்தெசியேவும் எம்-ஐ-கே ஏற்றிப் பார்த்தவர்தான். பந்தயத்தை விட்டுவிடுகிறேன் என்று சொல்ல வேண்டி வந்தபோது கொடியை நம்பவில்லை. கேப் டவுன் அருகே ஒரு கப்பலை ஒட்டிப் போய், கடிதத்தை உண்டிவில்லில் வைத்து அதன் மேல்தளத்துக்கே அடித்துவிட்டார்.