மழையில் நனைந்த மின்சார சைக்கிள் உறுமுகிறது, ஓடவில்லை: கன்ட்ரோலரை மாற்றத்தான் வேண்டுமா?

சக்கரத்தின் நடுவிலேயே மோட்டார் உள்ள உங்கள் 48 வோல்ட் ஹப் மோட்டார் சைக்கிள், பினாங்கின் பத்து ஃபிரிங்கி மேட்டில் மழையில் ஓடிய மறுநாளிலிருந்து, திராட்டலைத் திருகினால் சக்கரம் துடித்து உறுமுகிறதே தவிர சுழலவில்லை, காலால் உந்திவிட்டால் மட்டும் கரகரப்புடன் நகர்கிறது, திரை வழக்கம்போல் எரிகிறது, கடைக்காரரோ பேட்டரியின் மின்சாரத்தை மோட்டாருக்கு முறைப்படுத்தி அனுப்பும் கன்ட்ரோலரை மாற்றச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த அறிகுறிகளுக்கு நான் கன்ட்ரோலரைக் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். துடிக்கவாவது செய்கிறது என்றால் மின்சாரம் மோட்டார் வரை போகிறது. சக்கரம் எந்த நிலையில் நிற்கிறது என்ற செய்திதான் சரியாகத் திரும்பி வரவில்லை, அல்லது மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் மூன்று ஃபேஸ் வயர்களில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

ஆனாலும் கன்ட்ரோலருக்குள் மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான மாஸ்ஃபெட் எரிந்திருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிடுங்கள். அதற்குக் கருவிகூடத் தேவையில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தூக்கிப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பல்சக்கரம் உள்ள சிறிய ஹப் மோட்டார்களில் முன்னோக்கிச் சுற்றினால் உள்ளே மோட்டார் சுழலாது என்பதால் பின்னோக்கி என்கிறேன். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சக்கரம் விட்டுவிட்டுப் பிடித்து இழுத்தால், தடித்த மூன்று ஃபேஸ் வயர்களையும் கன்ட்ரோலரிலிருந்து பிரித்து மறுபடி சுற்றுங்கள். இழுவை போய்விட்டால் பழுது கன்ட்ரோலரில். போகாவிட்டால் மோட்டாரின் சுருளிலோ, அதன் வயர்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்திலோ.

இதையே மல்டிமீட்டராலும் உறுதிசெய்யலாம். பேட்டரியைக் கழற்றிய பிறகும் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அது வடியும்வரை பொறுத்திருங்கள். பிறகு மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையைக் கன்ட்ரோலரின் எதிர்மறை பேட்டரி வயரிலும் கறுப்பு முனையை ஒவ்வொரு ஃபேஸ் வயரிலும் வைத்தால், மூன்றிலும் ஏறக்குறைய 0.4 முதல் 0.6 வோல்ட் வரை ஒரே அளவு வர வேண்டும். அடுத்து, சிவப்பு முனையை ஃபேஸ் வயரிலும் கறுப்பை நேர்மறை வயரிலும் வைத்து அதே சோதனையைச் செய்யுங்கள். ஏதேனும் ஒன்று பூஜ்யத்தை ஒட்டி நின்றால் மாஸ்ஃபெட் போய்விட்டது. கடைக்காரர் சொன்னது சரி.

இவை தேறினால், மோட்டாருக்குள் இருந்து சக்கரத்தின் நிலையைச் சொல்லும் ஹால் சென்சார்களுக்கு வாருங்கள். மோட்டாரிலிருந்து வரும் மெல்லிய வயர்களில் வழக்கமாகச் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு பூமி (கிரவுண்ட்). மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் சென்சார்களின் செய்தி. திராட்டலின் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹால் பிளக் இணைந்திருக்கும்போதே பேட்டரியை இயக்கி, மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு வயரில் வைத்து, மற்றதைப் பிளக்கின் பின்புறமாக ஒவ்வொரு செய்தி வயரிலும் தொட்டபடி சக்கரத்தை மெல்லப் பின்னோக்கிச் சுற்றுங்கள். மூன்றும் பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாறிமாறித் தாவ வேண்டும். ஒன்று மட்டும் அசையாமல் நின்றால் அந்தச் சென்சாரோ அதன் வயரோதான் குற்றவாளி. சிவப்பு வயரிலேயே 5 வோல்ட் இல்லையென்றால், ஹால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்; கழற்றியதும் கன்ட்ரோலர் பக்கத்தில் 5 வோல்ட் திரும்பினால், மோட்டாருக்குள் எங்கோ அது பூமியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

நம் தீவின் மழையும் கடற்காற்றும் முதலில் தாக்குவது பிளக்குகளைத்தான். பச்சை பூத்த பின்களைச் சுரண்டித் துடைத்து, இறுக்கமாகச் செருகுங்கள். அதைவிடக் கெட்ட இடம், கேபிள் அச்சுக்குள் நுழையும் வாய். வளைந்து உரசி அங்கே வயர் அறுந்திருக்கும், தண்ணீரும் கேபிள் வழியே வழிந்து உள்ளே போகும். கேபிளை அச்சுக்குக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றிக் கட்டினால் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இதைக் கடைகளில் யாரும் செய்து தருவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

பிரேக் சுவிட்சோ திராட்டலோ கெட்டிருந்தால் சக்கரம் துடிக்காது, சும்மாவே கிடக்கும். ஆகவே உங்களுக்கு அவற்றைத் தேட வேண்டியதில்லை. ஃபேஸ் வயரைச் சோதிக்க, மோட்டார் பக்கத்து வயர்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பிடித்துச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். மூன்று சோடிகளிலும் ஒரே அளவு இழுவை வர வேண்டும், இலேசாகச் சுழலும் சோடியில் வயர் அறுந்திருக்கிறது.

எல்லாமே தேறியும் துடிப்பு நிற்காவிட்டால், மாஸ்ஃபெட்டை இயக்கும் சிறு சுற்று கெட்டிருக்கலாம். அப்போது கன்ட்ரோலரை மாற்றுங்கள். வோல்ட்டும் ஆம்பியரும் பழையதற்கு ஒத்ததாகவும், உங்கள் ஹால் சென்சார்களின் 120 பாகை அமைப்பை ஏற்பதாகவும், இப்போதைய திரையோடு பேசக்கூடியதாகவும் இருக்கிறதா என்று வாங்குமுன் கேளுங்கள்.