ரிசார்ட்டில் ஓடிய ஏடிவி, தோப்புக்கு வாங்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது, ரோட்டுக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. மருந்து டேங்க், காய்ப் பெட்டி இழுக்க ஒரு செகண்ட் ஹேண்ட் ஏடிவி (கரடுமுரடான தரையிலும் ஓடும் சின்ன நாலு சக்கர வண்டி) தேடுகிறேன். ஓசூர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ஓடிய வண்டி விலைக்கு வந்திருக்கிறது. ஆர்சி இல்லை, தேவையும் இல்லை என்கிறார் விற்பவர். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: இன்ஜினுக்கு அப்புறம் வருவோம், முதலில் அந்த ரோடு. வண்டி ரிசார்ட் காம்பவுண்டுக்குள் சுற்றிய வரைக்கும் விற்பவரை யாரும் ஆர்சி கேட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் தினமும் ரோட்டைக் கடக்கப் போகிறீர்கள். பதிவு இல்லாத வண்டியைப் பொது ரோட்டில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் 39-வது பிரிவின்படி தப்பு, முதல் தடவைக்கே அபராதம் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. அதைவிடப் பெரிய தலைவலி, ஆர்சி இல்லாத வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்காது. யார் மேலாவது இடித்துவிட்டால் மொத்தமும் உங்கள் கைக்காசு. தோப்புக்குள் மட்டும்தான் என்றாலும், அவர் வாங்கிய ஒரிஜினல் பில்லைக் கேளுங்கள், அதிலுள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் தொலைந்துவிட்டது என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சரி, வண்டி. ரிசார்ட் வண்டியை ஓட்டியவர் எல்லாம் ஒரு ரவுண்டுக்குக் காசு கொடுத்தவர், முறுக்காமல் விட்டிருப்பாரா? சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போய், இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னாடியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஆறவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, சேற்றுக் குட்டையில் இறக்கி விளையாடும் வண்டிகளில் இது சகஜம். ஏர் ஃபில்டரைக் கழற்றி, அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயில் விரல் விட்டுப் பாருங்கள், மண் ஒட்டினால் பிஸ்டன் வரைக்கும் போயிருக்கும், எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி ஒவ்வொரு சக்கரத்தையும் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங்கோ பால் ஜாயிண்டோ போயிருக்கிறது. இது மாற்றக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம். சேஸிஸில் ஒரு இடத்தில் மட்டும் புது பெயிண்ட் இருந்தால் அடியில் வெல்டிங் இருக்கிறதா என்று சுரண்டிப் பார்க்கத் தயங்காதீர்கள். ரிவர்ஸ் கியர், பிரேக் இரண்டையும் சரிவில் ஓட்டிப் பாருங்கள், சமதளத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

பெயர் தெரியாத சின்ன 110 சிசி இறக்குமதி வண்டி என்றால், பார்ட்ஸ் எங்கே கிடைக்கும் என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கிருஷ்ணகிரியில் உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள். அது ஆளை ஏற்றிச் சுற்றத்தான் லாயக்கு, மருந்து டேங்கை இழுக்காது. என்னைக் கேட்டால், ரோட்டைக் கடந்தே ஆக வேண்டிய உங்களுக்கு ஆர்சியோடு ஒரு பழைய மினி டிராக்டர்தான் சரி.