நுங்கம்பாக்கத்தில் வானம் அளந்த ரகுநாதாச்சாரி: கேள்வி பதில்

கொளத்தூர் கல்லூரி மாணவர்: ஐயா, சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்ற பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறேன். அவர் அப்படி என்ன கண்டுபிடித்தார்?

மாறொளி விண்மீன் ஒன்றை, தம்பி. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மெட்ராஸ் வானாய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்தவர் அவர். 1867 ஜனவரியில் ரெட்டிகுலம் என்ற தென்வானத் தொகுதியில் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைப் பிடித்தார். இன்று அதன் பெயர் ஆர் ரெட்டிகுலி. ஏறத்தாழ ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை பிரகாசமாகி மங்குகிறது. விண்மீன் ஒளியை அளக்கும் எண்ணைப் பொலிவெண் என்போம்; எண் கூடினால் ஒளி குறைவு. பிரகாசமாக இருக்கையில் பொலிவெண் 6.5-ஐ ஒட்டி, மங்கினால் 14 வரை. அதாவது ஒளியில் சுமார் ஆயிரம் மடங்கு வித்தியாசம்! இந்தக் கணக்குக்கு அடிப்படையான அளவுகோலை 1856-ல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அவரே பின்னால் மெட்ராஸுக்கு வந்து ரகுநாதாச்சாரிக்கு மேலதிகாரியாக இருந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம்.

நுங்கம்பாக்கம் வாசகி: மெட்ராஸிலிருந்து ஏன் அதைப் பார்க்க முடிந்தது? ஐரோப்பியர்கள் பார்த்திருக்க மாட்டார்களா?

அந்த விண்மீன் வானத்தின் தென்கோடியில் இருக்கிறது, அம்மா. லண்டனில் அது உதிப்பதே இல்லை. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு 13 பாகை (டிகிரி) வடக்கே இருப்பதால், உச்சத்துக்கு வரும்போதும் தென் அடிவானத்திலிருந்து 14 பாகைதான் ஏறும். புழுதியும் கடல் ஈரமும் கலந்த காற்றின் வழியாக அவ்வளவு தாழ்வாகப் பார்த்து ஒளி மாற்றத்தைக் கண்டுகொள்ள, நெடுநாள் பழகிய கண் வேண்டும். விண்மீன் அட்டவணைக்காக இரவிரவாக இடங்களைக் குறித்துக்கொண்டிருந்த உழைப்பிலிருந்து வந்த கண் அது.

மயிலாப்பூர் வாசகர்: எங்கள் வீட்டில் வாக்கியம், திருக்கணிதம் என்று இன்னும் பஞ்சாங்கச் சண்டை ஓய்ந்தபாடில்லை. இவருக்கும் அதற்கும் தொடர்பு உண்டாமே?

நிறையவே உண்டு. பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர் அவர். வாக்கியப் பஞ்சாங்கம் பழைய மனப்பாட வாய்பாடுகளைப் பின்பற்றுவது. சிறு பிழைகள் நூற்றாண்டுக் கணக்கில் சேரும்போது ஏட்டில் உள்ள திதிக்கும் வானத்தில் உள்ள சந்திரனுக்கும் இடைவெளி விழுந்துவிடும். வானில் பார்ப்பதோடு கணக்கு ஒத்துப்போக வேண்டும் என்பது திருக்கணிதக் கட்சி. ரகுநாதாச்சாரி அதன் பக்கம் நின்று திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். சாஸ்திரத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, சரிபார்க்கச் சொன்னார். 1874 டிசம்பர் 9-ல் வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடக்கவிருந்தபோது, என்ன நடக்கப்போகிறது என்று சாதாரண மக்களுக்கும் புரியும்படி முன்கூட்டியே சிறு நூல் எழுதினார், இந்திய மொழிகளிலும். என்னைக் கேட்டால், விண்மீனைவிட இதுதான் பெரிய பணி. வானாய்வகத்துக்குள் தெரிந்ததை வெளியே தெருவுக்குக் கொண்டுவந்தார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: வெள்ளைக்காரர்கள் அவரை மதித்தார்களா?

1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்வானார். அப்படித் தேர்வான முதல் இந்தியர் அவரே. ஆனாலும் கடைசி வரை அவர் பதவி உதவியாளர்தான். 1880-ல் காலமானார்.

அம்பத்தூர் வாசகர்: சூரிய கிரகணத்துக்கும் போனாரா?

போனார். 1868 ஆகஸ்ட் 18 முழு கிரகணத்துக்கு, ஹைதராபாத் சமஸ்தானத்து வனபர்த்தியில் ஒரு குழுவை வழிநடத்தினார். போக்சன் அதே நாளில் மசூலிப்பட்டினத்தில் இருந்தார்.

கொளத்தூர் மாணவர் மீண்டும்: அந்த இடமும் விண்மீனும் இப்போதும் பார்க்கக் கிடைக்குமா?

நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில், பழைய கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. வானாய்வகம் 1792-ல் எழுந்த செய்தி அதில் தமிழிலும் வெட்டப்பட்டிருக்கிறது. முன் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். விண்மீனுக்கு நகர வெளிச்சத்தை விட்டு, தெற்குப் பக்கம் திறந்த இடமாகப் பாருங்கள். ஜனவரி நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில், தென்வானில் பளிச்சென்று தெரியும் அகத்திய நட்சத்திரத்துக்கு (கனோபஸ்) வலப்புறம் இன்னும் தாழ்வாகத் தேடுங்கள். உச்ச ஒளியில் இருக்கும் மாதமென்றால் பைனாகுலரே போதும். மங்கிய காலமென்றால் பெரிய தொலைநோக்கி வேண்டும். அதனால் கிளம்பும் முன் அதன் அப்போதைய பொலிவைத் தெரிந்துகொள்ளுங்கள்.