கேள்வி – பதில்: ராத்திரியில் தூங்காத கம்ப்யூட்டர்கள்

கேள்வி: அலுவலகத்தில் 50 டெஸ்க்டாப்கள். எல்லோரும் போன பிறகும் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஸ்கிரீன்சேவர் போட்டிருக்கிறோமே, போதாதா?

பதில்: ஸ்கிரீன்சேவரால் மின்சாரம் மிச்சமாகாது. பழைய குண்டு மானிட்டர்களில் படம் பதிந்துவிடக்கூடாதே என்று வந்த சமாசாரம் அது. படம் ஓடும் வரை மானிட்டரும் எரியும், பிராசஸரும் உழைக்கும்.

சும்மா கிடக்கும் டெஸ்க்டாப் 50 வாட் இழுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 50 கம்ப்யூட்டர், 14 மணி நேரம்: ஒரே ராத்திரியில் 35 யூனிட். அதுவே ஸ்லீப்பில் (வேலையை நினைவில் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் அணைந்து கிடக்கும் தூக்க நிலை) ஆளுக்கு 2 வாட் என்றால் 1.4 யூனிட்தான். மானிட்டர் கணக்கு தனி.

மானிட்டர் அணைய 10 நிமிடம், ஸ்லீப்புக்கு 30 நிமிடம் வையுங்கள். மேசை மேசையாக ஏறி இறங்க வேண்டாம். விண்டோஸ் டொமைன் (எல்லா கம்ப்யூட்டர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) இருந்தால், அதன் பொது அமைப்புகளான குரூப் பாலிசியில் 'பவர் மேனேஜ்மென்ட்' பகுதியில் ஒரே முறை மாற்றினால் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். 'பிளக்டு இன்' என்று இருப்பதை மாற்றுங்கள். 'ஆன் பேட்டரி'யை மட்டும் மாற்றினால் டெஸ்க்டாப்பில் ஒன்றும் நடக்காது.

கேள்வி: அப்படி வைத்தும் சில தூங்கவே மாட்டேன் என்கின்றன. சில தூங்கி, நடுராத்திரியில் தானே எழுந்துகொள்கின்றன.

பதில்: இரண்டும் வேறு வேறு வியாதி. தூங்காததில் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி /ரிக்வெஸ்ட்ஸ்' (powercfg /requests) கட்டளையைக் கொடுங்கள். தடுப்பது யார் என்று காட்டும். பிரவுசரில் ஓடும் வீடியோ, நெட்வொர்க் வழியாக வேறொருவர் திறந்து வைத்த ஃபைல் போன்றவை அடிக்கடி சிக்கும்.

தானே எழுவதற்கு 'பவர்சிஎஃப்ஜி /லாஸ்ட்வேக்' (powercfg /lastwake). கடைசியாக எழுப்பியது எது என்று காட்டும். பெரும்பாலும் நெட்வொர்க் கார்டுதான் குற்றவாளி. தனக்குச் சம்பந்தமுள்ளதாகத் தெரியும் சாதாரண நெட்வொர்க் போக்குவரத்துக்குக்கூட எழுப்பிவிடும். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' டேபில், மேஜிக் பாக்கெட் (எழுப்புவதற்கென்றே நெட்வொர்க்கில் அனுப்பும் செய்தி) வந்தால் மட்டும் எழுப்பும்படி டிக் செய்யுங்கள். எழுப்பும் அனுமதியையே எடுத்துவிடாதீர்கள். ராத்திரி அப்டேட் போட அது வேண்டும். அடுத்த சந்தேகம் மவுஸ். மேசை அதிர்ந்தாலே எழுப்பும் மவுஸ்கள் உண்டு. அங்கே தாராளமாக அனுமதியை எடுக்கலாம், கீபோர்டு தட்டி எழுப்பிக்கொள்ளலாம்.

கேள்வி: ஸ்லீப்பில் இருக்கும்போது கரண்ட் போனால்?

பதில்: சேமிக்காத வேலை போய்விடும், ஏனென்றால் அது ரேமில்தான் (கரண்ட் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகம்) இருக்கிறது. 'ஹைப்ரிட் ஸ்லீப்' இருந்தால் போடுங்கள். டிஸ்க்கிலும் ஒரு நகல் எழுதிவைக்கும்.

கேள்வி: சர்வருக்கும் இதையே போடலாமா?

பதில்: வேண்டாம். அது தூங்கினால் அதை நம்பியிருப்பவர்கள் வேலை நின்றுவிடும். அதே காரணத்துக்காக, பிரிண்டரைப் பகிரும் கம்ப்யூட்டரையும் ஸ்லீப் போடும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.