கேரட் கொடுத்தும் நாய் ஏன் இளைக்கவில்லை?

கேள்வி: எங்கள் லாப்ரடாரின் எடை 38 கிலோ. ஒரு மாதமாகத் தினமும் கேரட் கொடுக்கிறோம். துளியும் குறையவில்லையே, அக்கா?

பதில்: தட்டில் எதைக் குறைத்தீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. கேரட்டுக்குக் கொழுப்பைக் கரைக்கும் சக்தி எதுவும் கிடையாது. பழைய சாப்பாடு அப்படியே இருக்க, அதன்மேல் கேரட்டும் சேர்ந்தால் கலோரி கூடத்தான் செய்யும். ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தை நிரப்பத்தான் காய்கறி. 100 கிராம் உலர் தீவனத்தில் ஏறக்குறைய 350 கலோரி இருக்கும். அதே எடை கேரட்டில் சுமார் 41, பீன்ஸில் 31, வெள்ளரிக்காயில் 15 தான். பிஸ்கட்டுக்குப் பதில் கேரட் என்றால் பலன் உண்டு. பிஸ்கட்டோடு கேரட் என்றால் இல்லை.

தீவனத்தையும் தராசில் நிறுத்துப் போடுங்கள். எங்கள் வீட்டில் நானும் மகனும் ஒரே குவளையால்தான் அளந்தோம். ஒருநாள் சந்தேகப்பட்டு நிறுத்துப் பார்த்தால், அவன் குவளையில் 30 கிராம் கூடுதல். கோபுரமாகக் குவித்திருக்கிறான்!

கேள்வி: பாதித் தீவனத்தை எடுத்துவிட்டு பீன்ஸை நிரப்பினால் வேகமாக இளைக்குமா?

பதில்: இளைக்கும், தசையும் சேர்ந்து கரையும். தீவனம் பாதியானால் புரதமும் தாதுக்களும் பாதியாகிவிடும். பீன்ஸ் அதை ஈடுகட்டாது. காய்கறி, தின்பண்டம் எல்லாம் சேர்ந்து அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் நிற்கட்டும். நாளுக்கு 500 கலோரி தேவைப்படும் நாய்க்கு அது 50 கலோரி. பீன்ஸாகக் கொடுத்தால் 150 கிராம் வரை போகலாம். பிஸ்கட்டாகக் கொடுத்தால் ஒன்றிரண்டிலேயே கணக்கு முடிந்துவிடும். அதற்குமேல் குறைக்க வேண்டுமென்றால், எடைக் குறைப்புக்கென்றே தயாரித்த தீவனத்தைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் போதும்.

கேள்வி: பச்சையாகவா, வேகவைத்தா?

பதில்: இரண்டும் சரி. நாய் அரைத்துத் தின்னும் பிராணி அல்ல, கடித்து விழுங்கிவிடும். பச்சைக் கேரட் துண்டு மறுநாள் கழிவில் அதே ஆரஞ்சு நிறத்தில் கிடந்தால் பதற வேண்டாம். சிறிய நாய்க்கு வட்ட வட்டமாக நறுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். உப்பு, எண்ணெய் கூடாது.

கேள்வி: எவற்றைக் கொடுக்கவே கூடாது?

பதில்: வெங்காயமும் பூண்டும். இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேகவைத்தாலும் நஞ்சு போகாது. ஆகவே நமக்குச் சமைத்த காயை எடுத்துப் போடும் பழக்கம் வேண்டாம். திராட்சை, உலர்திராட்சை இரண்டும் சிறுநீரகத்தைக் கெடுக்கலாம். மக்காச்சோளத்தின் நடுத்தண்டு குடலை அடைக்கும். சிறுநீர்க்கல் வந்த நாய் என்றால் பசலைக் கீரையையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: எடைக் கருவி இல்லை. குண்டாகிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உங்கள் கையே போதும். விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவிப் பாருங்கள்: மெல்லிய தோலுக்கடியில் எலும்பு தட்டுப்படும். நாயின் விலா அப்படித் தட்டுப்பட்டால் அளவான உடம்பு. உள்ளங்கை மேட்டைத் தொடுவதுபோல் மெத்தென்று இருந்து, எலும்பைத் தேடவேண்டியிருந்தால் பருமன். முஷ்டி மடக்கிய விரல் முட்டிபோல் துருத்தினால் மெலிவு. அடர்ந்த ரோமம் கண்ணை ஏமாற்றும், விரலை ஏமாற்றாது.

கேள்வி: அளந்துதான் போடுகிறோம். ஆனாலும் ஏறிக்கொண்டே போகிறது.

பதில்: தைராய்டு சுரப்புக் குறைந்தாலும் இப்படி ஆகும், இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கருத்தடை செய்த நாய்க்குக் கலோரித் தேவையே குறைவு. ஆனால் முதலில், மேசைக்கடியில் யார் கை நீள்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அது என் அப்பா. தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. இப்போது காலையிலேயே அன்றைய பீன்ஸ் துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு அவரிடமே கொடுத்துவிடுகிறேன். டப்பா காலியானதும் அப்பா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறார்; நாயும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது.