ஈசிஜி நார்மல் என்றால் தீயணைப்பு வீரரின் இதயமும் நார்மலா?

கேள்வி: என் கணவர் சேலத்தில் தீயணைப்பு வீரர், வயது 44. சிகரெட் பழக்கம் உண்டு. போன மார்ச்சில் ஏற்காடு மலைச்சரிவில் காட்டுத்தீ அணைத்துவிட்டு இறங்கியவருக்கு நெஞ்சில் பாரம், தாடை வலி, கொட்டும் வேர்வை. சோடா குடித்து உட்கார்ந்தார், அரை மணியில் சரியாகிவிட்டது. மறுநாள் ஈசிஜி நார்மல். "கேஸ்தான்" என்கிறார். மாமனாருக்கு 52 வயதில் மாரடைப்பு வந்தது. வேறு ஏதும் பார்க்க வேண்டுமா?

பதில்: பார்க்க வேண்டும் சகோதரி, இந்த வாரமே. உழைத்த கையோடு நெஞ்சு பாரமும் தாடை வலியும் வேர்வையும் சேர்ந்து வந்தால், இதய வலி என்று எடுத்துக்கொண்டுதான் நாங்கள் விசாரிப்போம். மற்றதெல்லாம் இல்லை என்று தெரிந்த பிறகு சொல்ல வேண்டியது, கேஸ். ஈசிஜி என்பது அசையாமல் படுத்திருக்கும் சில நொடிகளின் பதிவு. இதய ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு உள்ளவருக்கும் ஓய்வில் அது நார்மலாக வரலாம்.

அவருடைய வேலையை நினைத்துப் பாருங்கள். ராத்திரி ஸ்டேஷனில் மணி அடித்ததும் தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டும். அந்த நிமிடமே துடிப்பும் பிரஷரும் எகிறும். மலைத்தீ என்றால் சரிவில் வண்டி ஏறாது, ஹோஸ் எட்டாது. பச்சைத் தழையை ஒடித்து, அடித்துக்கொண்டே மேலே போக வேண்டும். உடம்புத் தண்ணீர் வேர்வையாக இறங்க இறங்க ரத்தம் கெட்டிப்படும், உறையும் தன்மையும் கூடும். அதற்கு மேல் புகை. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இதயம் அதிகம் கேட்கிற நேரத்தில் கிடைப்பது குறையும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரை இதில் நம்ப வேண்டாம்: கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்திலும் அது ஆக்சிஜன் 98 சதவீதம் என்று காட்டலாம்.

அமெரிக்காவில் 1994 முதல் 2004 வரை பணியில் இறந்த தீயணைப்பு வீரர்களின் விவரங்களை அலசி, 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. அந்த இறப்புகளில் 39 சதவீதம் இதய ரத்தக்குழாய் நோயால். வேலை நேரத்தில் 1 முதல் 5 சதவீதம்தான் நேரடியாகத் தீயோடு போராடுவது. ஆனால் இதய இறப்புகளில் சுமார் மூன்றில் ஒன்று அந்த நேரத்தில் நடந்தது. அழைப்பு முடிந்து திரும்பும்போது நடந்தவை 17 சதவீதம். உங்கள் கணவருக்கும் இறங்கிய பிறகுதான் வலி வந்தது என்பதைக் கவனியுங்கள்.

சரி, எங்கே போவது? சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே இதயவியல் பிரிவு இருக்கிறது. எக்கோ எனும் இதய ஸ்கேன், பிரஷர், கொழுப்பு, மூன்று மாதச் சர்க்கரை அளவு பார்ப்பார்கள். டிரெட்மில்லில் நடக்க விட்டு ஈசிஜி பார்க்கலாமா, நேராக ரத்தக்குழாய் அடைப்பைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம் போகலாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். தானாக லேபுக்குப் போய் டிரெட்மில் ஏற வேண்டாம். முடிவு வரும்வரை பாரமான டியூட்டியும் வேண்டாம். அப்பாவுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு என்பது மகனுக்குத் தனியாகவே ஓர் ஆபத்துக் கணக்கு. அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தீப்புகையைத் தவிர்க்க அவரால் முடியாது, சிகரெட்டை விட முடியும். அது இன்றைக்கே.

பல வீரர்கள் வலியை மறைப்பது அறியாமையால் அல்ல, 'லைட் டியூட்டியில் போட்டுவிடுவார்களோ' என்ற பயத்தால். அடைப்பைச் சரிசெய்து, இதயத்தின் பம்பிங் நன்றாக இருந்து, மருத்துவர் சம்மதித்து வேலைக்குத் திரும்பியவர்கள் உண்டு. இதயத் தசை செத்துப்போன பிறகு வந்தால் அந்த வாய்ப்பு சுருங்கிவிடும்.

மறுபடி அதே வலி வந்தால் சோடா, பைக் இரண்டும் வேண்டாம், உடனே 108. மலையில் இருந்தால் ஏற்காடு அரசு மருத்துவமனையில் ஈசிஜி எடுத்து, ரத்தம் உறைவதைத் தடுக்கும் முதல் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு, ஆம்புலன்ஸில் சேலம் இறங்கட்டும். கொண்டை ஊசி வளைவுகளில் நேரம் போகும், மாத்திரை அதற்கு முன்பே வேலையைத் தொடங்கியிருக்கும். கூட வேலை செய்பவர்களிடமும் இதைச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கப்போவது அவர்கள்தான்.