இணையத்தில் தீவிர இடதுசாரிக் குழுக்களைத் தடை செய்தால் என்ன ஆகிறது?

"தடை பற்றிய ஆய்வெல்லாம் வலதுசாரிகளைப் பற்றியே இருக்கிறதே, தீவிர இடதுசாரிகளை யாரும் ஆராய்வதில்லையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆராய்கிறார்கள், ஆனால் குறைவு. இந்த இடைவெளி எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது.

பயனர்கள் குழுக்களாகச் சேர்ந்து விவாதிக்கும் இணையதளமான ரெடிட்டையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜூன் 29 அன்று சுமார் 2,000 குழுக்களை அது ஒரே நாளில் நீக்கியது. டிரம்ப் ஆதரவுக் குழுவோடு சேர்ந்து, 'சாப்போ டிராப் ஹவுஸ்' என்ற பெரிய இடதுசாரிக் குழுவும் போனது. அதன் ஆட்கள் கலைந்துவிடவில்லை. சில வாரங்களிலேயே தங்களுக்கென்று தனித்தளம் கட்டிக்கொண்டார்கள். ஹெக்ஸ்பேர் என்ற பெயரில் அது இன்றும் ஓடுகிறது.

சர்வாதிகாரக் கம்யூனிச அரசுகளை ஆதரிக்கும், 'டாங்கி' என்று அழைக்கப்படும் இடதுசாரிகளைப் பற்றித் தனி ஆய்வே உண்டு. 1956இல் ஹங்கேரி எழுச்சியை நசுக்க சோவியத் டாங்கிகள் நுழைந்ததை ஆதரித்த பிரிட்டிஷ் கம்யூனிஸ்டுகளைக் குறிப்பதாகச் சொல்லப்படும் பெயர் அது. 'ஜென்ஸீடாங்' என்ற அவர்களின் குழுவை ரெடிட் 2022இல் நீக்காமல் தனிமைப்படுத்தியது. அதாவது, உள்ளே போனால் முதலில் எச்சரிக்கைத் திரை வரும், தேடினால் கிடைக்காது. பலர் லெம்மிகிராட் என்ற தளத்துக்குப் போனார்கள்.

தடையால் பலன் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2015இல் ரெடிட் நீக்கிய இரண்டு வெறுப்புக் குழுக்களை ஆராய்ந்தபோது, ரெடிட்டிலேயே தங்கிய பயனர்களின் வெறுப்புப் பேச்சு குறைந்தபட்சம் 80 சதவீதம் சரிந்திருந்தது. ஆனால் டிரம்ப் குழு இடம் மாறியபோது ஆட்கள் குறைந்தார்கள், மிஞ்சியவர்களின் பேச்சோ கடுமையானது. இடதுசாரிகளிடமும் இதே நடக்கும் என்று அப்படியே பொருத்திவிடக் கூடாது. அவர்களை அவர்கள் புதுத்தளத்திலேயே பின்தொடர்ந்து அளக்க வேண்டும்.